வரிசையின் முதல் ஆள்

அவருக்குத் தேள் என்று பெயர் வைத்தது யார் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. யார் வைத்திருந்தாலும் கொட்டு வாங்கிய கடுப்பில்தான் வைத்திருப்பார்கள். டயர் கடைக்கு மேலே, ரப்பர் நாற்றம் படியேறி வரும் மாடியில், சில மேசைகளும் ஒரு கண்ணாடி அறையும் கொண்ட சின்ன கம்பெனி அது. துணிக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் இணையதளம் கட்டிக் கொடுப்பார்கள். கட்டுவது பி.எச்.பி. என்கிற கணினி மொழியில். அதில் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர் தேள் ஒருவர்தான்.

அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. இளவட்டமாக இருந்தபோது ஒரு நெட் சென்டரில் கல்லாவைப் பார்த்துக்கொண்டே தட்டுத் தடுமாறிப் படித்தது. தெரிந்தவன் எவனையாவது கேட்டால், "இதுகூடத் தெரியாமயா வந்தே" என்று விரட்டுவான். அந்த விரட்டல்களையெல்லாம் அவர் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தார். இப்போது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலையில் கேள்விக்குப் பஞ்சமில்லை. நேற்றுவரை ஓடிய பக்கம் இன்று வெள்ளை வெளேர் என்று ஒரு எழுத்துகூட இல்லாமல் நிற்கும். கோப்பின் தலைமாட்டில் தெரியாமல் விட்ட ஒரு வெற்று வரிக்காக, உள்ளே நுழைந்த ஆளைத் தளம் வெளியே தள்ளிவிடும். மடல் அனுப்பியாயிற்று என்று திரை சத்தியம் செய்யும், மடல் எங்கேயும் போயிருக்காது. செய்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். பிடித்துத் தேளிடம் வருவான்.

கேட்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எழுந்து வந்து அவர் மேசை ஓரம் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. அவர் மூன்று கேள்வி கேட்பார். என்ன செஞ்சே? என்ன வரும்னு நினைச்சே? என்ன வந்துச்சு? ஒன்றில் நாக்கு குழறினாலும், "போய் யோசிச்சிட்டு வா." மூன்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டாலோ, சொல்லும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். அதற்கும் கொட்டு உண்டு. "இதுக்கா என் உசிரை வாங்கினே?"

கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சுவர். அகப்பட்ட பிழைகளை அச்சடித்து, செய்தவரின் பட்டப்பெயரையும் எழுதி அங்கே ஒட்டுவார். ஒருத்தர் செய்த துணிக்கடைத் தளத்தில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை அப்படியே ஒட்டிக் கீழே, "இவர் மண்டையைத் திறந்தாலும் இதுதான் இருக்கும்" என்று எழுதியிருந்தார். அந்த ஆள் கழிப்பறைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். முதலாளி அந்தச் சுவரைப் பார்த்துச் சிரிப்பார். வேலை முடிந்தால் அவருக்குப் போதும்.

அந்தச் சுவரில் அதிகம் தொங்கியது அரைப்புள்ளியின் தாள்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கு அனுப்புகிற அளவுக்கு ஆளாக்கிவிட்டு, விட்ட வேலைக்குத் திரும்பி வந்த பெண். வந்த முதல் நாளே ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட மறந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தையே படுக்க வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவே பெயராயிற்று. கோபம் வந்தால் முகத்தில் காட்ட மாட்டாள். கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிடுவாள்.

கண் ஆஸ்பத்திரித் தளத்தைத் தேளே தன் கையால் கட்டினார். அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது கட்டளை.

அந்த ஆஸ்பத்திரியில் தானமாக வரும் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துப் பார்வை போனவர்களுக்கு வைப்பார்கள். வருகிற கண் கொஞ்சம், காத்திருக்கிற ஆள் அதிகம். ஆகவே ஒரு வரிசை. வரிசையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை காலையில் வந்து, வரவேற்பு மேசையில் தங்கள் பதிவு எண்ணைச் சொல்ல வேண்டும். மேசைப் பெண் அதைத் தளத்தில் அடித்துத் தேடுவாள். வரிசையில் உள்ளார் என்று திரை சொன்னால், அந்த வாரம் வருகிற கண்ணுக்கு அவர் உரியவர். முன்னால் நிற்பவருக்கு முதலில். இல்லை என்று சொன்னால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திரை சொல்வதை மேசைப் பெண் மாற்ற முடியாதபடி தேள் பூட்டுப் போட்டிருந்தார். சிபாரிசு, அழுகை, சண்டை எதுவும் நுழையக் கூடாதாம். அவளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது பேச்சையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். "வரிசையில இல்லாதவங்க எல்லாரும் இருக்கேன்னுதான் சொல்வாங்கம்மா. காதுலயே போட்டுக்காதே. நகருங்கன்னு சொல்லு."

தளம் திறந்த மறுவாரமே ஒருத்தர் தகராறு செய்தார். தையல்காரர். வரிசையில் முதல் ஆளே தான்தான் என்றார். திரை இல்லை என்றது. அடுத்த திங்களும் வந்தார், அதற்கடுத்த திங்களும் வந்தார். ஒவ்வொரு தடவையும் திரை இல்லை என்றது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கண் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் மேசை விளிம்பைத் தடவியபடி நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தேள் ஒலிபெருக்கியில் போட்டு, எல்லாரும் கேட்கவே பதில் சொன்னார்.

"கண்ணு தெரியாத ஆளு. சீட்டுல இருக்கிற எண்ணைச் சரியா படிச்சிருப்பாருன்னு எப்படிம்மா நம்புறீங்க?"

அலுவலகம் சிரித்தது. அரைப்புள்ளி சிரிக்கவில்லை. தளத்தின் கோப்பையும் வரிசையையும் வெறும் பார்வைக்குத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"சார், அந்தத் தையல்காரர் வரிசையில முதல் ஆளுதான். அவரைத் தேடினா இடம் பூஜ்யம்னுதானே வரும், அதை நாம..."

"என்ன செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலை சார், பார்த்தேன்."

"ஒண்ணும் செய்யாம எதுக்கு எழுந்து வந்தே? கால் மரத்துப் போச்சா?" என்றார். என் கோப்புக்குள்ளே தலையை விட்டால் தலை இருக்காது என்றும் சொன்னார். அரைப்புள்ளி போடத் தெரியாதவர்கள் ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிட்டார்கள் என்று மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். சாயங்காலம் சுவரில் ஒரு தாள் ஏறியது. பூஜ்யம் என்று பெரிதாக எழுதி, கீழே அவள் பட்டப்பெயர்.

அவளைச் சொல்ல விட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடியது இவ்வளவுதான். நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். அந்த மொழி வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் ஆள் நிற்பது பூஜ்யம் என்கிற இடம். தேடுகிற கட்டளை ஆள் கிடைத்தால் இடத்தைச் சொல்லும், கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லும். வந்த பதிலை இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால், பூஜ்யம் என்பதும் இல்லை என்பதும் அந்த மொழிக்கு ஒன்றுதான். மூன்று சமக்குறி போட்டால்தான் வேறு வேறு என்று புரிந்துகொள்ளும். தேள் இரண்டு போட்டிருந்தார். கட்டும்போது வரிசையின் தலையில் சோதனை என்று ஒரு போலி ஆளை நிறுத்தி வைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. திறப்பு நாளில் அந்தப் போலி ஆளை அழித்தார். தையல்காரர் ஒரு அடி முன்னால் நகர்ந்து, பூஜ்யத்தில் ஏறி, இல்லாமல் போனார்.

அரைப்புள்ளி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. தையல்காரரைப் பற்றி நினைக்கவும் இல்லை. தன் முகத்தில் ஒருத்தன் கரி பூசியிருக்கும்போது அடுத்தவன் கண் யாருக்கு ஞாபகம் வரும்?

தேளின் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அந்த அம்மாளுக்கு வலது கண் பிறவியிலேயே பெயருக்குத்தான். வெளிச்சம், இருட்டு தெரியும், அவ்வளவுதான். இடது கண்ணை வைத்துத்தான் அடுப்பு, துணி, கடை, பஸ் நம்பர் எல்லாம். அந்த இடது கண்ணின் கருவிழியில் புண் வந்தது. மருந்து விட்டார்கள், மாற்றி விட்டார்கள், புண் அடங்கவில்லை. டாக்டர் தேளை வெளியே கூட்டிவந்து சொன்னார். கருவிழியில் ஓட்டை விழுவதற்குள் மாற்றிவிட்டால் பார்வை மிஞ்சும். விழுந்துவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். அதுவரை வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

அவர் கட்டிய வரிசை. மனைவியின் எண் அதன் அடிவயிற்றில் எங்கோ இருந்தது.

தேள் ரொம்ப யோசிக்கவில்லை. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆஸ்பத்திரியின் தரவுத்தளத்தைத் திறந்தார். மாற்றுகிற சாவி அவரிடம்தான் இருந்தது. மனைவியின் எண்ணைத் தூக்கி எல்லாருக்கும் மேலே வைத்தார். தையல்காரருக்கும் மேலே. அந்த ஆளின் எண்ணைப் பார்த்தபோது ஒரு நொடி கை நின்றது. இன்னும் தலையிலேயே நிற்கிறாரே, எண்ணைத் தப்பாகச் சொல்லிச் சொல்லியே வாய்ப்பைக் கெடுத்துக்கொண்ட முட்டாள் என்று நினைத்துக்கொண்டார். சேமித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

வீட்டில் மனைவியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி வைத்தார். "நான் யாருன்னு அங்க மூச்சு விடாதே. எண்ணைச் சொல்லு, பேசாம உட்காரு. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

"வரிசை இவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"கேள்வி கேட்காதே."

திங்கட்கிழமை காலை. தேள் ஒருத்தனை மேசை ஓரம் நிற்க வைத்து, மடல் ஏன் போகவில்லை என்பதற்காகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"என்னங்க, என் எண்ணு இல்லைங்கிறாங்க."

"எண்ணைச் சரியா சொன்னியா?"

"திரும்பத் திரும்பச் சொல்லிட்டேன்."

"திரும்பத் திரும்பத் தப்பா சொல்லியிருப்பே. சீட்டை நீட்டு, மண்டு. அவங்களே பார்த்துக்குவாங்க."

சீட்டையும் கொடுத்துவிட்டாளாம். மேசைப் பெண் சீட்டைப் பார்த்தே அடித்தாளாம். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது. வரிசையில இல்லாதவங்க எல்லாரும் இருக்கேன்னுதான் சொல்வாங்கம்மா, நகருங்க. சொல்லுக்குச் சொல் அவர் கற்றுக்கொடுத்தது. இழுக்கிற இடம்கூட மாறவில்லை.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கண்ணு வந்திருக்காம். காலையிலதான் வந்துச்சுன்னு பேசிக்கிறாங்க. ஏதாவது செய்யுங்க."

தேள் தரவுத்தளத்தைத் திறந்தார். மனைவியின் எண் உச்சியில் உட்கார்ந்திருந்தது. தளத்தைத் திறந்து அதே எண்ணைத் தன் விரலால் அடித்தார். இந்த எண் வரிசையில் இல்லை என்றது திரை. அழித்து மறுபடி அடித்தார். இல்லை. தன் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது, ஒவ்வொன்றும் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் கோணல் பெற்றவனுக்குத் தெரிவதில்லை.

வரவேற்பு மேசைக்கே போன் போட்டார். தளத்தில் ஏதோ கோளாறு, அந்த அம்மாளை உட்கார வையுங்கள் என்றார்.

"சார், நீங்கதானே சொன்னீங்க, திரை சொல்றதுதான் முடிவுன்னு. போன்ல யார் சொன்னாலும் கேட்காதேன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா சார்?"

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அப்போதுதான் சுவரில் ஒட்டிய அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. பூஜ்யம். அரைப்புள்ளி அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தாள். என்ன சொல்ல வந்தாள்?

"ஏம்மா, இங்க வா."

அவள் நாற்காலியைத் திருப்பினாள், எழுந்திருக்கவில்லை. "யாருக்கு சந்தேகமோ அவங்கதானே சார் எழுந்து வரணும்?"

டயர் கடையின் காற்றடிக்கும் இயந்திரம் கீழே கடகடத்து நின்றது. தேள் எழுந்தார். அவள் மேசை ஓரம் போய் நின்றார்.

"அன்னைக்கு நீ சொல்ல வந்தது..."

"அதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு சார். என்ன செஞ்சீங்க?"

"விளையாடாதேம்மா. ஒரு எண்ணைத் தேடினேன்."

"யாரோட எண்ணு?"

"ஒருத்தங்களோடது."

"போய் யோசிச்சிட்டு வாங்க."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். தேள் போகவில்லை, போக நேரமில்லை.

"என் வீட்டுக்காரியோடது."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"வரிசையில எந்த இடம்?"

"முதல் இடம்."

"அன்னைக்கு நான் பார்த்தப்ப முதல் இடத்துல தையல்காரர் இருந்தாரே. இவங்க எப்படி வந்தாங்க?"

"நான் மாத்தினேன்."

அறை முழுக்க அந்தச் சொல் போய்ச் சேரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டாவதைக் கேட்டாள், மூன்றாவதைக் கேட்டாள். இருக்கிறார் என்று வரும் என நினைத்தாராம். இல்லை என்று வந்ததாம். தேள் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"இன்னொரு சமக்குறி போடுங்க சார்" என்றாள். "தேடுற வரியில. தையல்காரருக்கு அன்னைக்கே போட்டிருக்கலாம்."

அவர் மேசைக்கு ஓடினார். ஒரு குறி, ஒரே தட்டு. சேமித்து ஏற்றினார். எண்ணை அடித்தார். வரிசையில் உள்ளார் என்றது திரை, இத்தனை நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததுபோல. மனைவிக்குப் போன் போட்டார். அவள் உடனே எடுத்தாள்.

"மறுபடி போய் எண்ணைச் சொல்லு. இப்ப வரும்."

"கூப்பிட்டுட்டாங்கங்க. அடுத்தவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரை?"

"யாரோ தையல்காரராம். பாவம், ரொம்ப நாளா இல்லை இல்லைன்னே திருப்பி அனுப்பினாங்களாம். இன்னைக்கு அடிச்சதும் இருக்குன்னு வந்துடுச்சாம். அழுதுட்டாரு மனுஷன்."

தேள் மனைவியைப் பூஜ்யத்தில் ஏற்றியதால், தையல்காரர் அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கி, இருக்கிற ஆளாகிவிட்டார்.

அடுத்த திங்கள் திரை தேளின் மனைவியை வரிசையில் உள்ளார் என்று ஒப்புக்கொண்டது. அந்த வாரம் கண் வரவில்லை. புண் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு காலையில் முகம் கழுவும்போது கண்ணிலிருந்து சூடாக ஏதோ வழிகிறது என்றாள். ஓட்டை விழுந்துவிட்டது. டாக்டர்கள் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, இனி வைத்திருந்தால் சீழ் உள்ளே போகும் என்று கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரிக்கப் போன அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சில் தேளும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து உட்கார்ந்து, தானாகவே பேச்சுக் கொடுத்தார். மறுபடி ஊசியில் நூல் கோர்த்துவிட்டாராம், முந்தாநாள் தன் கையாலேயே ஒரு பட்டன் தைத்தாராம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு.

"எனக்கு முன்னாடி இருந்த ஆளு அன்னைக்கு வரலையாம்மா. அதனாலதான் எனக்குக் கிடைச்சுது. வராம போன மகராசன் யாரோ, அவங்க கண்ணு நல்லா இருக்கணும்."

மனைவி கட்டுப் போட்ட முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "நல்லா இருங்கய்யா" என்றாள். அவர் எழுந்து போனபிறகு தேளைக் கேட்டாள்.

"அந்தத் தளம் நீங்க எழுதினதுதானே?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். பூஜ்யத்திலிருந்து எண்ணுவது, இரண்டு சமக்குறி, மூன்று சமக்குறி. இந்த மொழியில் எல்லாரும் செய்கிற தப்புதான், கேட்டுப் பார், உலகம் முழுக்க இந்தக் கேள்விதான் என்றார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"ஊரே கேட்கிற கேள்வியா?" என்றாள். "அது தெரியாமயா ஊரையே திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

ஆஸ்பத்திரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. வரிசையில் கைவைத்த விஷயம் வெளியே தெரியாமல் முதலாளி பூசி மெழுகினார். அது தேள் மனைவியின் கண்ணுக்காகச் செய்த இரக்கம் இல்லை, கம்பெனியின் பெயருக்காக. தேளுக்கு வேலை போகவில்லை. பழைய தளங்களைத் துடைத்து வைக்கிற வேலையைக் கொடுத்து, கழிப்பறைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார்கள். தலையைத் தூக்கினால் அந்தச் சுவர். பூஜ்யம் என்ற தாள் அங்கேயே இருந்தது. கீழே பட்டப்பெயரை மட்டும் யாரோ அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருந்தார்கள்.

இப்போது கேள்விகள் அரைப்புள்ளியிடம் போகின்றன. அவள் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. புதிதாக வந்த ஒருத்தர், வெள்ளைப் பக்கம் வருகிறது என்று போய் நின்றார். "என்ன செஞ்சீங்க?" என்று அவள் கேட்கிறது தேளுக்குக் கேட்டது. வந்தவர் தடுமாறினார். "போய் யோசிச்சிட்டு வாங்க" என்றாள். அலுவலகம் சிரித்தது. தேளிடம் யாரும் வருவதில்லை.

வீட்டில் அப்படியில்லை. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தொடங்கிவிடும். மணி என்ன ஆச்சு? பால் பொங்குதா, கொதிக்குதா? வாசலில் நிற்பது யார்? இது உப்பா, சர்க்கரையா? அவள் கோபமாகக் கேட்பதில்லை. தெரிய வேண்டியிருப்பதால் கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். போய் யோசித்துவிட்டு வா என்று அனுப்ப அவளுக்குப் போக இடமில்லை.

நேற்றுக் காலை அவள் அலமாரிக்கு முன்னால் இரண்டு கையிலும் இரண்டு துணியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இதுல எது பச்சை?"

இரண்டும் நீலம். அவர் பச்சையைக் கண்டுபிடிக்க அலமாரிக்குள் கையை விட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் அவள். "இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கு."